பிளேட்லெட் எவ்வளவு?

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், டெங்குவாக இருக்குமோ என்று மூன்றாம் நாளிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். மாடி வீட்டு அன்ரி லிஃப்டில் வைத்துக் கேட்பா. மீன் கொண்டுவருகிறவர் கேற்றடியில் நின்று கேட்பார். கனடாவில் ஸ்காபரோவிலிருந்து சித்தப்பா வட்ஸ்அப்பில் கேட்பார். "பிளேட்லெட் எவ்வளவு?" இரத்தம் உறைய உதவுகிற சிறு அணுக்கள் அவை, டெங்குவில் குறையும். எண்ணைச் சொன்னவுடன் அடுத்தது, "நேற்று எவ்வளவு இருந்தது?" கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எண்கள் கைமாறும். நூற்று நாற்பது, தொண்ணூற்றாறு, எழுபத்திரண்டு. ஆயிரத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். பிள்ளை மூத்திரம் போகிறதா, எத்தனை தரம் சத்தி எடுத்தது, கை கால் குளிர்ந்திருக்கிறதா என்று கேட்கிற ஆளை அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் ஒரு மருத்துவ நூலகத்தில் உதவி நூலகர். எந்த நூலகம் என்று எழுதப்போவதில்லை. எழுதுகிற ஆட்களைக் கண்டால் மேலிடத்துக்கு ஒரு ஒவ்வாமை. கலியாண வீடுகளில் வேலையைச் சொன்னால், "அப்ப புத்தகம் எடுத்துக் குடுக்கிறதோ?" என்பார்கள். ஓம், அதுவும்தான். மருத்துவப் புத்தகங்களை அடுக்குகிற வகைப்பாட்டு எண்ணில் டபிள்யூ.சி 528 என்றால் டெங்கு, டபிள்யூ.கே 810 என்றால் நீரிழிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வேலையில் பெரும்பகுதி புத்தகத்தோடு இல்லை. ஒரு ஆள் வந்து கேட்கிற கேள்விக்குள் இருக்கிற உண்மையான கேள்வியைக் கண்டுபிடிப்பதோடுதான்.

2017ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் டெங்கு கண்ட மிக மோசமான வருஷம். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் பதிவான நோயாளர் 186,101 பேர். ஜூலையில் கொழும்பு ஆஸ்பத்திரிகளில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே இன்னொருவர். அந்த நாட்களில் ஒரு இளம் டொக்டர், மேற்படிப்புக்குப் படித்துக்கொண்டிருந்தவர், கண் சிவந்துபோய் வந்து நின்றார். "மிஸ், டெங்குவில பிளேட்லெட் பற்றி ஏதாவது இருந்தாத் தாங்கோ."

அப்படித் தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். அவருக்கு இருந்ததோ டியூட்டிக்கு நடுவே ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். அதனால் நான் அவரைக் கேட்கத் தொடங்கினேன். பெரியவர்களா, பிள்ளைகளா? இரத்தம் கசிகிறவர்களா, கசியாதவர்களா? இதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போகிறீர்கள்? இரண்டு மூன்று பதிலுக்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. வார்ட்டில் ஒரு நோயாளி, பெரியவர், பிளேட்லெட் இருபதாயிரத்துக்கும் கீழே, எங்கும் இரத்தக்கசிவு இல்லை. வெளியே சொந்தக்காரர் கூட்டமாக நின்று "பிளேட்லெட் ஏத்துங்கோ" என்று கத்துகிறார்கள். இரத்த வங்கியில் கையிருப்போ மட்டு மட்டு; பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. அவர் கேட்க வந்தது இதுதான்: கசிவே இல்லாத பெரியவருக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றினால் நன்மை உண்டா?

இப்படிக் கேட்டால் பதில் இருக்கிறது. அந்த வருஷம் ஏப்ரலில்தான் லான்செட் மருத்துவ இதழில் சிங்கப்பூர், மலேசிய ஆஸ்பத்திரிகளில் நடந்த ஒரு ஆய்வு வந்திருந்தது. பிளேட்லெட் இருபதாயிரமும் அதற்குக் கீழும் இருந்த 372 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பிளேட்லெட் ஏற்றி, மற்றப் பகுதிக்கு வழமையான பராமரிப்பு மட்டும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஏழு நாளுக்குள் இரத்தக்கசிவு ஏற்றியவர்களில் 21 வீதம், ஏற்றாதவர்களில் 26 வீதம். புள்ளிவிபரப்படி அதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. பக்கவிளைவுகள் மட்டும் ஏற்றியவர்களுக்குத்தான் கூட. மருத்துவக் கட்டுரைகளைத் தேடுகிற பப்மெட் தளத்தில் சுருக்கம் உடனே கிடைத்தது. முழுக் கட்டுரைக்கு இன்னொரு மருத்துவ நூலகத்திலிருக்கும் சிநேகிதிக்கு மின்னஞ்சல் போட்டேன். டொக்டர் தேத்தண்ணியை முடிக்க முதல் பிடிஎஃப் வந்துவிட்டது.

அந்தச் சிநேகிதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவ தனி ஆள் இல்லை, ஒரு வலையமைப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய வலயத்துக்கென்று உருவாக்கிய ஹெல்லிஸ் என்கிற ஏற்பாட்டில் இலங்கையின் மருத்துவ நூலகங்களும் இருக்கின்றன. காகிதத்தில் அதற்குப் பெரிய பெரிய நோக்கங்கள் எழுதியிருக்கும். நடைமுறையில் எங்களுக்கு அதன் அர்த்தம், உன்னிடம் இல்லாததை என்னிடம் கேள், என்னிடம் இல்லாததை நான் கேட்கிறேன் என்பதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கேட்பார், காலியிலிருந்து ஒருவர் அனுப்புவார், பேராதனைக்காரர் "இது எங்களிட்ட அச்சுப் பிரதியா இருக்கு, ஸ்கான் பண்ணித் தாறன்" என்பார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்த மின்னஞ்சல்கள். நாட்டில் வேறு எத்தனையோ விஷயம் இந்த அளவுக்குச் சுமுகமாக நடப்பதில்லை.

எனக்கு வேலை பழக்கிய சேர் இண்டெக்ஸ் மெடிக்கஸ் காலத்து ஆள். 1879இல் ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர் தொடங்கிய மருத்துவக் கட்டுரை அட்டவணை அது. தடித்த தொகுதிகள், மெல்லிய தாள், எறும்பு எழுத்து. அதில் தேடிப் பிடித்துக் கட்டுரையின் விபரத்தை எழுதி வெளிநாட்டு நூலகத்துக்குத் தபால் போட்டால் பிரதி வந்து சேர மாதக்கணக்காகும் என்பார். நோயாளி அதற்குள் சுகமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது வேறு விதமாகப் போயிருப்பார் என்று சிரிக்காமல் சொல்வார். 1997இல் அந்த அட்டவணையின் கணினி வடிவத்தைப் பப்மெட் என்ற பெயரில் உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அச்சு அட்டவணை 2004 வரை ஓடி நின்றது. சுருக்கம் இலவசம், முழுக் கட்டுரை டொலரில். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2002 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் ஆறு பெரிய பதிப்பகங்களைச் சேர்த்து ஹினாரியைத் தொடங்கியது. வருமானம் குறைந்த நாடுகளுக்கு இலவசமாக, கொஞ்சம் கூடினவைக்குச் சிறு கட்டணத்தில். தொடங்கும்போது ஏறத்தாழ 1,500 இதழ்கள். கடவுச்சொல் தனி ஆளுக்கு இல்லை, நிறுவனத்துக்கு; அதைப் பத்திரமாக வைத்திருப்பது நூலகர். எங்கள் தொழிலில் அதிகாரம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அந்தக் கடவுச்சொல்தான்.

2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனபோது சந்தா கட்டி இதழ் எடுப்பது என்ற பேச்சே அடிபட்டுப் போயிற்று. அந்த வருஷத்தை நாங்கள் கடந்தது இப்படிக் கேட்டும் கொடுத்தும்தான். பட்ஜெட் கூட்டத்தில் "நூலகத்தால என்ன பிரயோசனம்" என்று கேட்கிற ஆட்களுக்குக் காட்ட ஒரு ஆய்வு வைத்திருக்கிறோம். அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் 208 டொக்டர்மாரிடம் கேட்டு 1992இல் வந்தது. நூலகத்திலிருந்து வந்த தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றியிருப்போம் என்று சொன்னவர்கள் எண்பது வீதம். கூட்டத்தில் தலையாட்டுவார்கள். ஏசி திருத்துவதற்கு மட்டும் காசு வரும்.

சரி, டொக்டருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவருக்கு வெளியே கத்திக்கொண்டு நின்ற சொந்தக்காரருக்கு?

அவர்களுடைய கேள்வியும் அதே கேள்விதான். "பிளேட்லெட் குறைஞ்சுபோச்சு, ஏத்தினால் என்ன?" டொக்டர் கேட்டபோது அந்தக் கேள்விக்குப் பின்னால் உலக சுகாதார நிறுவனத்தின் டெல்லி வலய அலுவலகம், பப்மெட்டை நடத்துகிற அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம், பதிப்பகங்கள், என் சிநேகிதி என்று ஒரு பெரும்படையே நின்றது. அவர்கள் கேட்டபோது பின்னால் நின்றது வட்ஸ்அப் குழு. இதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிற விஷயம். குறை சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் தொழிலைத்தான் சொல்லவேண்டும். நூலகக் கதவில் "மருத்துவர், மாணவர் மட்டும்" என்று எழுதிப் போட்டுவிட்டு, வெளியில் சனம் பொய்யை நம்புகிறது என்று கவலைப்படுகிறோம்.

அமெரிக்காவில் இதை முன்னமே யோசித்திருக்கிறார்கள். 1965இல் மருத்துவ நூலக உதவிச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, நாட்டைப் பிரதேசங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய மருத்துவ நூலகத்தைப் பொறுப்பாக்கினார்கள். சிற்றூர் ஆஸ்பத்திரி டொக்டருக்கும் நகரத்து டொக்டருக்குக் கிடைக்கிற கட்டுரை கிடைக்க வேண்டும் என்பதுதான் தொடக்க நோக்கம். அதே மாதிரி 1967இல் தென்னமெரிக்காவுக்கென்று சாவோ பாவுலோவில் ஒரு பிரதேச மருத்துவ நூலகம் தொடங்கினார்கள். பப்மெட் இலவசமானதும் அதில் தேடுகிறவர்களில் சாதாரண சனமும் கணிசமாக இருப்பது தெரியவந்தது. அடுத்த வருஷமே, 1998இல், சனத்துக்கென்று தனியாக மெட்லைன்பிளஸ் வந்தது. இப்போது அந்தப் பிரதேச நூலகங்கள் ஊர்ப் பொது நூலகங்களுடன் சேர்ந்து வேலை செய்கின்றன. ஊர் நூலகருக்குச் சுகாதாரத் தகவலைத் தேடப் பழக்குவதும் அவர்களுடைய வேலை. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் டொக்டருக்கான வலையமைப்பின் நீட்சிதான் சனத்துக்கான வலையமைப்பு என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்களிடம் என்ன இருக்கிறது? துண்டுப்பிரசுரம் இருக்கிறது. மூட்டை மூட்டையாக. தடித்த எழுத்தில் "நுளம்பை ஒழிப்போம்!" அதற்குக் கீழே தலைவர்களின் படம். சிங்களத்தில் வரும், ஆங்கிலத்தில் வரும், தமிழில் "அடுத்த கிழமை வரும்". அடுத்த கிழமை வந்தால் அதில் இருக்கிற தமிழைக் கண்டு கொசுவே ஓடிவிடும். இந்தக் குறை ஒரு இடத்தில் மட்டும் என்றால் பெயர் சொல்லலாம். எல்லா இடத்திலும் இப்படித்தான். இதில் இன்னும் வருத்தம், மருத்துவத்தைத் தமிழில் சொல்வது இந்த நாட்டில் நேற்றுத் தொடங்கின வேலையும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து, பாடப்புத்தகங்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்து டொக்டர்மாரை உருவாக்கினவர். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கும்போது அங்கே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் நூலகம் தளத்தில் துழாவிப் பார்க்கலாம். 2005இலிருந்து ஈழத்து எழுத்துக்களைச் சேர்த்துவருகிற அந்த எண்ணிம நூலகம் என் வேலைநேரத்தில் பாதியைத் தின்றிருக்கிறது.

ஜிந்துப்பிட்டியில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஒருவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார், ஆனால் கேள்வி கேட்கத் தொடங்கினால் சனம் வேகமாகக் கதைக்கும், அதுதான் நீங்களும் வாங்கோ என்றார். பெரும்பாலும் பெண்கள். நான் கையில் கொண்டுபோன தாள்களை விரிக்கவேயில்லை. முதலில் ஒரு கொப்பியை எடுத்து, "உங்களுக்கு என்ன தெரிய வேணும், சொல்லுங்க, எழுதுறன்" என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நிற்கவேயில்லை.

"பப்பாசி இலைச் சாறு குடுக்கலாமா மிஸ்?"

"ஆட்டுக்கால் சூப் குடிச்சா பிளேட்லெட் ஏறுமாமே?"

"பனடோலுக்குக் காய்ச்சல் விடல்லன்னா புரூஃபன் குடுக்கலாமா? பாமசில குடுத்தாங்க."

"ஒருக்கா வந்தா மறுபடி வராதுதானே?"

பின்வரிசையிலிருந்த ஒரு அம்மா எல்லோருக்கும் கடைசியாகக் கேட்டா. "காய்ச்சல் விட்டிருச்சுன்னா ஸ்கூலுக்கு அனுப்பலாம்தானே?"

அந்தக் கேள்விக்காகவே நான் ஜிந்துப்பிட்டிக்குப் போனது வீண்போகவில்லை. எங்கள் நுளம்புப் பிரசுரம் எதிலும் அதற்குப் பதில் இல்லை. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்திலிருக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் குறைகிற நேரத்தில்தான் வரும். சிலருக்கு அப்போதுதான் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியே கசியத் தொடங்கும். இருபத்துநாலிலிருந்து நாற்பத்தெட்டு மணித்தியாலம் வரை அது நீடிக்கும். அந்த நேரத்தில்தான் வயிற்றுக்குத்து, விடாத சத்தி, கை கால் குளிர்தல், மூத்திரம் குறைதல், பிள்ளை சோர்ந்து படுத்தல். உயிர் போவது பெரும்பாலும் இந்தக் கசிவையும் அதனால் இரத்த ஓட்டம் குறைந்து வருகிற அதிர்ச்சி நிலையையும் கவனிக்காமல் விடுவதால். டொக்டர்மார் பிளேட்லெட்டோடு இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டுகிற பி.சி.வி. என்ற இன்னொரு எண்ணையும் பார்ப்பது இதற்குத்தான். நீர் கசிந்தால் இரத்தம் தடிக்கும், அந்த எண் ஏறும். அதை எந்தச் சித்தப்பாவும் ஸ்காபரோவிலிருந்து விசாரிப்பதில்லை.

பி.எச்.ஐ. அந்த அம்மாவுக்கு நிதானமாக விளங்கப்படுத்தினார். காய்ச்சல் விட்ட பிள்ளை ஓடி விளையாடி, பசித்துச் சாப்பிட்டால் நல்லது. காய்ச்சல் விட்டும் எழும்பாமல் கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி, ஓட்டோ கிடைக்காவிட்டால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ். புரூஃபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் ஒன்றும் வேண்டாம். அவை இரத்தக்கசிவைக் கூட்டும். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதும் சரியில்லை, வைரஸ் நாலு வகை, ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது, இரண்டாம் முறை கடுமையாகவும் வரலாம்.

பப்பாசி இலையைப் பற்றி நான் நூலகத்துக்குத் திரும்பி வந்து தேடினேன். "அதெல்லாம் பொய்" என்று ஒரே வரியில் சொல்லிவிடத்தான் வெளிக்கிட்டேன், ஆனால் கட்டுரைகள் அப்படிச் சொல்லவில்லை. சில சின்ன ஆய்வுகளில் பிளேட்லெட் எண் கொஞ்சம் வேகமாக ஏறியிருக்கிறது. இரத்தக்கசிவு குறைந்ததா, அதிர்ச்சி நிலைக்குப் போகாமல் தடுத்ததா, உயிர் தப்பினதா என்பதற்கு அவற்றில் நம்பத்தக்க பதில் இல்லை. அதாவது சாறும் சரி, சூப்பும் சரி, சனத்தின் கண் இருக்கிற அதே எண்ணைத்தான் குறிவைக்கின்றன. எண் ஏறுகிறது என்று வீட்டில் வைத்துச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தால் கசிவு தொடங்கும் நேரம் கைவிட்டுப் போய்விடும். வெறுமனே "பொய்" என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த உண்மையை ஒத்துக்கொண்டு, தெரியாத மற்றப் பாதியைச் சொன்னோம். கேட்டார்கள்.

2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்குக் குடிக்கிற மருந்துப் பாணி கொடுக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கில் சனம் முட்டிமோதி வரிசையில் நின்றதே, அந்தச் சனத்தை முட்டாள்கள் என்று திட்டினவர்களில் என் சக உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாணிக்காரர் சனத்தின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார்: "வராமல் இருக்க என்ன குடிக்கலாம்?" பதில் பிழை. கேள்விக்குக் காது கொடுத்தது மட்டும் பிழையில்லை. நாங்கள் பிரசுரத்தில் வைரஸின் படம் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஜிந்துப்பிட்டிக்குப் பிறகு செய்யத் தொடங்கிய வேலை சின்னது. ஒரு கேள்வி, ஒரு பக்கம். கொப்பியிலிருக்கும் கேள்வியை நான் தேடக்கூடிய மாதிரி மாற்றி எழுதுவேன். முதலில் இங்கத்தைய தேசிய வழிகாட்டல், பிறகு பப்மெட், பிறகு ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற கொக்ரேன். கொக்ரேன் ஆய்வுச் சுருக்கங்களில் சிலவற்றைத் தன்னார்வலர்கள் தமிழிலும் தந்திருக்கிறார்கள், பலருக்கு அது தெரியாது. உள்ளூர்த் தரவு தேவைப்பட்டால் இலங்கை இதழ்கள். சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887இலிருந்து வருகிறது, இந்த நாட்டு நோயாளியைப் பற்றி இந்த நாட்டு டொக்டர் எழுதியதை வேறெங்கே தேடுவது? எழுதினதை ஒரு வைத்திய நிபுணர் பார்த்துத் திருத்துவார். கடைசிப் பரீட்சை எங்கள் நூலகத்தைக் கூட்டித் துடைக்கிற அக்காவிடம். வத்தளையிலிருந்து வருகிறா, எட்டாம் வகுப்பு வரை படித்தவ. அவவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

டெங்குப் பக்கத்தில் முதலில் "வளர்ந்தவர் ஒருவர் நாளுக்கு 2500 மில்லிலீற்றர் நீராகாரம் எடுக்க வேண்டும்" என்று இருந்தது. அக்கா கேட்டா, "அது எங்கட போத்தல்ல எவ்வளவு?" நிபுணரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: ஒரு லீற்றர்ப் போத்தலில் இரண்டரைப் போத்தல், ஒரேயடியாக இல்லாமல் நாள் முழுக்க, பச்சைத்தண்ணி மட்டும் போதாது, கஞ்சி, செவ்விளநீர், ஜீவனி என்கிற உப்புக்கரைசல், சூப் எல்லாம் சேரலாம், பிள்ளைகளுக்கு நிறையைப் பொறுத்து அளவு மாறும், டொக்டரிடம் கேளுங்கள். அடுத்தது, சிவப்பு, மண்ணிற பானம் கொடுக்கவேண்டாம் என்று எழுதியிருந்தோம். "ஏன்? பீற்றூட் ரத்தத்துக்கு நல்லதெல்லோ?" என்றா. அது நியாயமான கேள்வி. பீற்றூட்டும் கோப்பியும் குடித்துவிட்டுச் சத்தி எடுத்தால், வந்தது இரத்தமா குடித்த பானமா என்று டொக்டருக்கே பிரிக்க முடியாது. காரணத்தையும் சேர்த்தோம். காரணம் சொல்லாத அறிவுரையை எங்கள் சனம் ஒருகாலமும் பின்பற்றியதில்லை, நானும் பின்பற்றமாட்டேன்.

2022 மார்ச்சில் நாட்டில் தாள் இல்லை. பாடசாலைப் பரீட்சையையே ஒத்திவைத்த நேரம், எங்கள் பக்கத்துக்கு எங்கே தாள்? வேறு வழியில்லாமல் நானே வாசித்து ஒலிப்பதிவாக்கி வட்ஸ்அப்பில் விட்டேன். தாள் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அதை நிறுத்தவில்லை, ஏனென்றால் வாசிக்கக் கஷ்டப்படுகிற அம்மம்மாக்களிடம் அதுதான் போய்ச் சேர்ந்தது. சிநேகிதி கிண்டல் பண்ணுவா, உன் குரல் ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிக்கிற குரல் என்று.

எல்லாக் கேள்விக்கும் பக்கம் போடுவதில்லை. "என்ட அவருக்கு இந்த ரிப்போர்ட் வந்திருக்கு, புற்றுநோயா?" என்று தாளோடு வருகிறவர்களை அந்தத் தாளை எழுதின டொக்டரிடம்தான் அனுப்ப வேண்டும். ஆனால் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. போய் என்ன கேட்க வேண்டும் என்பதை இருந்து எழுதிக்கொடுப்பேன். கிளினிக்கில் டொக்டர் ஒரு ஆளுக்குச் செலவழிக்கக் கிடைக்கிற நேரம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்துக்குள் மூன்று சரியான கேள்வி கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேற்படிப்பு டொக்டர்மாருக்கு நான் செய்வதும் இதேதான், மொழி மட்டும் வேறு.

என்னைக் கேட்டால் இந்த நாட்டில் மக்களிடம் போவதற்கென்று புதிதாக ஒரு வலையமைப்பும் கட்டத் தேவையில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கியதிலிருந்து அது இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) அலுவலகம், பி.எச்.ஐ., வீடு வீடாகப் போகிற குடும்பநல மிட்வைஃப். பிள்ளை பிறந்த வீட்டுக்கு மாமியாருக்கு முதல் போகிறவர் அவர். சனத்தின் கேள்விகள் எல்லாம் அவருடைய பையில்தான் இருக்கின்றன, கேட்கத்தான் ஆளில்லை. எங்கள் பகுதியில் இரண்டு மிட்வைஃப்மார் இப்போது எனக்குக் கேள்வி அனுப்புகிறார்கள். "மிஸ், கர்ப்பிணி, காய்ச்சல் முதலாம் நாள், பிளேட்லெட் நல்லா இருக்கு, வீட்டில வைச்சுப் பார்க்கலாமோ எண்டு புருஷன் கேக்கிறார்." இதற்குத் தேட வேண்டியதில்லை, டெங்கு காலத்தில் காய்ச்சல் வந்த கர்ப்பிணி எண்ணுக்குக் காத்திராமல் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது மிட்வைஃபுக்கும் தெரியும். புருஷனுக்குக் காட்ட எழுத்தில் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கம்தான் இதுவரை ஆகக் கூடுதலாகப் போனது.

வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது, மாநகரசபையின் கிளை நூலகங்கள் இருக்கின்றன. பின்னேரங்களில் பத்திரிகை வாசிக்க வருகிற ஓய்வுபெற்ற ஐயாமாரில் முக்கால்வாசிப் பேருக்குப் பிரஷரும் சீனியும். அங்கே ஒரு தட்டும் ஒரு கொப்பியும் வைத்தால் போதும். தட்டில் பக்கங்கள், கொப்பியில் கேள்விகள். ஓரிடத்தில் கேட்டிருக்கிறேன், "கமிற்றியில போட்டுப் பாப்பம்" என்றார்கள். கமிற்றி என்றால் என்னவென்று கொழும்புத் தமிழருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது கொப்பியில் மேலே கிடப்பது இரண்டு. தைரொயிட் குறைபாட்டுக்குப் போடுகிற தைரொக்சின் குளிசையைக் காலைக் கோப்பியோடு விழுங்கலாமா என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ரீச்சர். கூடாது, வெறும் வயிற்றில் தண்ணியோடு போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் கழித்துக் கோப்பியும் சாப்பாடும்; கோப்பி மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அந்தப் பக்கம் தயார். மற்றது மருதானையிலிருந்து ஒரு ராத்தா கேட்டது: சீனி வருத்தத்துக்கு இரண்டு நேரக் குளிசையும் இரவில் ஊசியும் போடுகிற வாப்பா நோன்பு பிடிக்கலாமா, மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது? இதற்கு சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இன்னொரு அமைப்போடு சேர்ந்து வெளியிட்ட தனி வழிகாட்டலே இருக்கிறது, 2021இல் புதுப்பித்தது. ஆளாளுக்கு ஆபத்தைக் கணக்கிட்டுப் புள்ளி போடும் முறையும் அதில் உண்டு. எழுதி முடித்து நிபுணரிடம் கொடுத்திருக்கிறேன். ஊசியின் அளவை மாற்றுகிற இடத்தில் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இதைப் பக்கத்தில போடவேண்டாம், நோன்புக்கு முதல் கிளினிக்குக்கு வரச் சொல்லி எழுதுங்கோ" என்றார். அந்த வரியைத் திருத்தி, மருதானைக்கு நோன்புக்கு முந்தின கிளினிக் நாட்களையும் கேட்டு எழுத வேண்டும். அதற்கு நாளைக்கு ஃபோன் எடுக்கிறேன்.